நகரத்தை அளக்கும் மரக்கால் யார் கையில்?

(மாத்தூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)





இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் போனஸ் அல்ல, பஞ்சப்படியும் அல்ல. நகரத் திட்டத்துக்குக் கம்ப்யூட்டர் போடும் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது படித்தவர் சமாசாரம், நமக்கென்ன?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். எந்தத் தெருவில் கால்வாய் வெட்டுவது, எந்த ஊரில் குப்பையைக் கொட்டுவது, ஏரியின் மதகை எப்போது திறப்பது, எங்கே இன்னொரு ஆலைக்கு அனுமதி கொடுப்பது என்பதற்கெல்லாம் "விஞ்ஞான ரீதியான கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் மாத்தூர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏனென்றால், கணக்கு தப்பினால் தண்ணீர் வருவது நம் வீட்டு வாசற்படிக்குத்தான்.

நிபுணர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: முடிவெடுக்க உதவும் கருவி. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஏரிப்பாசன ஊரில் பிறந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ஏரியிலே தண்ணீர் குறைவு, மடையோ மூன்று. எதை முதலில் திறப்பது? நீர்க்கட்டி என்ன செய்வார்? ஏரியில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்ப்பார். எந்த வயலில் பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் இருக்கிறது, எது இன்னும் பத்து நாள் பொறுக்கும் என்று பார்ப்பார். மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு ஒரு மடையைத் திறப்பார். கம்ப்யூட்டர் செய்வதும் இதே வேலைதான். மூன்று மடைக்குப் பதில் மூவாயிரம் மடைக்குச் செய்கிறது. நீர்க்கட்டி ஒரு நாளில் போடும் கணக்கை ஒரு நிமிஷத்தில் போடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இல்லை, இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நீர்க்கட்டி தப்பு செய்தால் ஊர் கூடி அவரைக் கேட்கலாம். கம்ப்யூட்டர் தப்பு செய்தால் யாரைக் கேட்பது?

சோவியத் நாட்டிலே கந்தோரோவிச் என்ற கணித மேதை இருந்தார். 1938ஆம் வருஷம் லெனின்கிராடில் ஒட்டுப்பலகை செய்யும் ஸ்தாபனத்தார் அவரிடம் ஒரு சிக்கலைக் கொண்டு வந்தார்கள். பல ரக யந்திரங்கள், பல ரக மரங்கள். எந்த மரத்தை எந்த யந்திரத்துக்குக் கொடுத்தால் பலகை அதிகமாகக் கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப்போன அவர் ஒரு புதிய கணித முறையையே கண்டுபிடித்தார். 1975இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகமெங்கும் ரயில்வே, துறைமுகம், நகரத் திட்டம் எல்லாவற்றிலும் அந்த முறையின் பேரப் பிள்ளைகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. "பலகை அதிகமாக வேண்டும்" என்று கேட்டால் கணக்கு அதற்கு விடை சொல்லும். "எந்தத் தொழிலாளியின் விரலும் போகாமல் பலகை வேண்டும்" என்று கேட்டால்தான் அதற்கு விடை சொல்லும். கேட்காத கேள்விக்குக் கணக்கு ஒருநாளும் பதில் சொல்லாது. அப்படியானால் கேள்வி கேட்பவர் யார் என்பதல்லவா முக்கியம்!

கீழத் தஞ்சையில் பண்ணையார் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும். நெல் வாங்குவதற்கு ஒன்று, கூலி அளப்பதற்கு ஒன்று. கூலி மரக்காலில் கொள்ளளவு குறைவு. 1940களில் தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே செங்கொடியைக் கொண்டு போனபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்ற முழக்கத்தோடு கள்ள மரக்கால் ஒழிய வேண்டும் என்ற முழக்கமும் சேர்ந்தே எழுந்தது. "மரக்காலே வேண்டாம்" என்று எந்த விவசாயத் தொழிலாளியாவது சொன்னானா? சொல்லவில்லை. மரக்கால் இல்லாமல் நெல்லை அளப்பது எப்படி? முத்திரை போட்ட மரக்காலைக் கொண்டு வா, எங்கள் கண் முன்னே அள என்றுதான் சொன்னான். ஆலைத் தோழர்களுக்கு ஸ்டாப் வாட்சைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தறி ஓட்டியவனை நான்கு தறி ஓட்டச் சொல்வதற்கு அதுவும் ஒரு "விஞ்ஞானக் கருவி"யாகத்தான் வந்தது. 1955இல் கான்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தது அந்த விஞ்ஞானத்தை எதிர்த்துத்தான்.

இப்போது நம் மணலிக்கு வருவோம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டில் ஒரு மரக்கால் செய்தது. தொழிற்பேட்டைகளின் மாசைக் காற்று, நீர், நிலம் என்று மூன்றாகப் பிரித்து, மார்க் போட்டு, 100க்கு எத்தனை என்று சொல்லும் குறியீடு அது. 70க்கு மேலே போனால் "மிக அபாயகரமான பகுதி". நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளை அளந்தார்கள். 43 பகுதிகள் 70ஐத் தாண்டின. மணலிக்குக் கிடைத்த மார்க் 76.32. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் 76 வாங்கினால் மிட்டாய் கொடுப்போம். இந்த 76க்கு என்ன கொடுத்தார்கள்? 2010 ஜனவரியில் இத்தகைய பகுதிகளில் புதிய ஆலைகளுக்கும் விஸ்தரிப்புக்கும் தற்காலிகத் தடை போட்டார்கள். செயல் திட்டம் எழுதினார்கள். பிறகு தடையைத் தளர்த்தினார்கள். 2018இல் மறுபடியும் அளந்தபோது மணலியின் மார்க் 80ஐத் தாண்டி நின்றது.

சரி, அளந்தார்களே, அதற்காகவாவது பாராட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நாமும் பாராட்டுகிறோம். அந்த எண் இல்லாவிட்டால் "மணலிக் காற்று மாமல்லபுரக் காற்றைப் போலத்தான் இருக்கிறது" என்று கூசாமல் சொல்லியிருப்பார்கள். ஆனால், அளக்கும் முறை நடுவழியில் எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கணக்கில், ஆலையைச் சுற்றி எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்கள் எவ்வளவு விஷத்துக்கு ஆளாகிறார்கள் என்பவற்றுக்கு 100க்கு 30 மார்க் ஒதுக்கப்பட்டிருந்தது. 2016இல் முறையைத் திருத்தினார்கள். "அபிப்பிராயத்துக்கு இடமில்லாத, திட்டவட்டமான அளவு மட்டும் போதும்" என்பது அதற்குச் சொன்ன காரணம். புதிய முறையில் மக்களின் ஆரோக்கியத்துக்கு 100க்கு 10 மார்க்தான்! முப்பது பத்தாகிவிட்டது. மனிதனின் மூச்சு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

அந்தப் பத்து மார்க்கையாவது எப்படிப் போடுகிறார்கள்? வட்டாரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டைப் பார்த்து, ஆஸ்துமா, மூச்சுக்குழல் நோய், வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் முதலியவை கூடியிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாத்தூரில் ஒரு காண்டிராக்ட் தொழிலாளிக்கு இருமல் வந்தால் எங்கே போகிறான்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மெடிகல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். அதுவும் தாங்காவிட்டால் தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி. அதற்கும் மேலே போனால், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழன் ரயில் ஏறிச் சொந்த ஊருக்குப் போய் அங்கே படுக்கிறான். அவனுடைய நோய் மணலிக் கணக்கில் ஏறாது. வேலைக்கு வைத்துக்கொள்ளும்போது மணலியான், நோய் வந்தால் ஊரான்! இந்த விசித்திரத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. அவனோடு ஓர் அறையில் படுத்திருக்கும் தொழிலாளியால் முடியும்.

காற்றின் தரக் குறியீடு என்று இன்னொன்று. மணலியிலே அளவை நிலையங்கள் இருக்கின்றன. இன்று காற்று நல்லது, இன்று சுமார் என்று கைப்போனிலேயே பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் எட்டுப் பொருள்கள்தான் உண்டு: இரண்டு ரகத் தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். பென்சீன் அதில் இல்லை. எண்ணெய் சுத்திகரிப்பும் பெட்ரோ-ரசாயனமும் நடக்கும் ஊரிலே, ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலகமே ஒப்புக்கொண்ட பென்சீன் அந்த எண்ணுக்குள் வருவதில்லை! அதற்கென்று நாட்டின் காற்றுத் தர நிர்ணயத்தில் தனி வரம்பு இருக்கிறது; ஆனால் பொதுமக்களுக்குக் காட்டும் எண்ணில் அது சேராது. இன்னொன்றும் கேளுங்கள். அந்த எட்டிலும் பெரும்பாலானவற்றை 24 மணி நேர சராசரியாகப் போடுகிறார்கள். நடு இரவு இரண்டு மணிக்கு ஒரு நாற்றம் வருகிறது, குழந்தைகள் எழுந்து இருமுகின்றன, ஜன்னலைச் சாத்துகிறோம், விடிவதற்குள் போய்விடுகிறது. 24 மணி நேரத்தில் அந்த ஒரு மணி நேரத்தைக் கரைத்தால் என்ன மிஞ்சும்? ஒரு டம்ளர் உப்பை ஒரு கிணற்றில் கரைத்துவிட்டு "கரிக்கிறதா பார்" என்று கேட்பது போலத்தான். கரிக்காது. ஆனால் அந்த டம்ளரைக் குடித்தவன் நாம்.

அடுத்தது வெள்ளம். இதைப் பற்றி மாத்தூர்க்காரர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அது நிரம்பி உபரி நீர் திறந்தால் ரேடியோவிலும் பத்திரிகையிலும் வழக்கமாக ஒரு பட்டியல் வரும்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம். ஏரியின் உபரிக் கால்வாய் இந்த ஊர்கள் வழியாகத்தான் எண்ணூர்ப் பக்கம் ஓடுகிறது. இன்னொரு பக்கம் பூண்டியிலிருந்து திறக்கும் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் வருகிறது. இரண்டு தண்ணீரும் வெளியேற வேண்டிய ஒரே வாய் எண்ணூர் முகத்துவாரம். வாய் அடைபட்டால் வயிறு வீங்கும். 2015, 2021, 2023 ஆகிய வருஷங்களில் மணலி புதுநகரும் சுற்றுப்புறமும் முழுகியது இப்படித்தான்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நிபுணர்கள் கருவிகளைக் கொண்டு வந்தார்கள். சென்னையிலிருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் பம்பாய் ஐ.ஐ.டி. முதலிய ஸ்தாபனங்களும் சேர்ந்து கடலோர வெள்ள முன்னறிவிப்பு முறை ஒன்றைச் செய்தன. இத்தனை மழை பெய்து, கடல் இத்தனை அடி ஏறி நின்று, ஏரி இவ்வளவு திறந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நூற்றுக்கணக்கான நிலைமைகளுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ராஜ்ய சர்க்காரும் தன் பங்குக்கு, உலக வங்கிக் கடனுதவி பெற்ற திட்டத்தின் கீழ், ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் வடிநிலங்கள் அனைத்துக்கும் உடனுக்குடன் வெள்ளத்தை முன்னறிவிக்கும் முறையை நிறுவ நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அதன் பெயரிலேயே "முடிவெடுக்க உதவும் அமைப்பு" என்று இருக்கிறது. கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர்க் கால்வாய்களுக்கு 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. கடனைக் கட்டப்போவது யார் என்பதை இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த வேலைகள் தேவையானவை. இவற்றைச் செய்த விஞ்ஞானிகள் உழைத்திருக்கிறார்கள். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் 2023 டிசம்பர் 4ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் மழை. தண்ணீர் வந்தது, அதோடு எண்ணெயும் வந்தது! சி.பி.சி.எல். வளாகத்து வெள்ள நீரோடு எண்ணெய் வெளியேறி பக்கிங்காம் கால்வாயில் கலந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. கால்வாய் வழியாக கொசஸ்தலையாற்றுக்கும், அங்கிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கும் கடலுக்கும் போயிற்று. மீனவர்களின் படகும் வலையும் தார் பூசியதுபோல ஆயின. வெறுங்கையோடு, வாளியும் சாக்கும் வைத்துக்கொண்டு அந்த எண்ணெயை அள்ளியது யார்? அதே மீனவத் தோழர்கள்தான்.

தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்று கேட்டு வைத்திருந்தார்கள். தண்ணீரோடு எது கலந்து வரும் என்று கேட்டு வைக்கவில்லை. பெரிய சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் கால்வாய் ஓடுகிறது, வெள்ளம் வந்தால் ஆலை வளாகத்துக்குள்ளும் புகும், உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வரும் என்பதை அந்த ஆலையில் பைப் மாட்டும் எந்தக் காண்டிராக்ட் தொழிலாளியும் சொல்லியிருப்பான். அவனைக் கேட்டார்களா? அதே டிசம்பர் மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கணக்கு வெள்ளத்துக்கு, ஒரு கணக்கு காற்றுக்கு, ஒரு கணக்கு ஆலை அனுமதிக்கு என்று தனித்தனி அறைகளில் தனித்தனி அதிகாரிகள் வைத்திருக்கிறார்கள். நமக்கோ இவை எல்லாம் ஒரே இரவில், ஒரே தெருவில் வருகின்றன.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவிக்கு அடிப்படை வரைபடம். வரைபடம் பொய்யானால் மேலே போடும் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் என்ன பிரயோசனம்? 1996இல் மத்திய சர்க்கார் ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் நீர்நிலையாக, கட்டடம் எழுப்பக் கூடாத இடமாக இருந்தது. பிறகு அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்ட இன்னொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பின் பெரும்பகுதியைக் காணோம்! மீனவர்களும் சுற்றுச்சூழல் ஊழியர்களும் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் காகிதங்களை வாங்கி 2017இல் இதை அம்பலப்படுத்தினார்கள். கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் போலீசில் புகார் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தோம். இங்கே ஆற்றையே காணோம். தினமும் அதில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தவர்களிடம் "உங்கள் ஆறு எங்கள் படத்தில் இல்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதைத் தங்கள் விஷயமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க சர்க்கார் உத்தரவு போட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் வயல்களெல்லாம் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. ஆகாயத்திலிருந்து படம் எடுக்கும் செயற்கைக் கோள் உங்கள் ஊரைப் பார்க்கிறது. நெல் இருந்தால் பச்சை நிறம், அறுவடை முடிந்து கிடந்தால் காலி நிலம். பட்டாதாரரின் பெயரை ரெவின்யூ ரிக்கார்டிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வயலில் நாற்று நட்டுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு எந்த ரிக்கார்டில் பெயர் இருக்கிறது? ஆடு மேயும் புறம்போக்கு எந்த நிறத்தில் வரும்? நிலம் கைமாறும்போது நிலக்காரருக்கு விலை கிடைக்கும். நூறு நாள் நடவும் களையும் அறுப்பும் போனவளுக்கு என்ன கிடைக்கும் என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

"எல்லா நாட்டிலும் இப்படித்தானே, நிபுணர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே" என்று நம்மில் சிலரே சொல்கிறார்கள். அப்படி இல்லை. தென் அமெரிக்காவிலே சிலி என்ற தேசம். 1970இல் சால்வடார் அலெண்டே அங்கே தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானார். ஆலைகளைத் தேசியமயமாக்கினார். இத்தனை ஆலைகளையும் சேர்த்து நடத்துவது எப்படி? ஸ்டாஃபோர்டு பியர் என்ற ஆங்கிலேய நிபுணரை 1971இல் அழைத்தார்கள். நாட்டில் இருந்தது மிகச் சில கம்ப்யூட்டர்கள்தான். ஆனால் பயன்படுத்தாமல் கிடந்த சுமார் 500 டெலக்ஸ் யந்திரங்கள் அகப்பட்டன. அவற்றை ஆலைகளில் வைத்து, எங்கே மூலப்பொருள் குறைகிறது, எங்கே உற்பத்தி தடைப்படுகிறது என்ற செய்தியைத் தினந்தோறும் தலைநகருக்கு வரவழைத்தார்கள். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் நாட்டைப் பட்டினி போட வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்க டாலர் பின்னால் நின்றது. அப்போது இந்த டெலக்ஸ் யந்திரங்கள்தான் கைகொடுத்தன. ஓடுகிற சில லாரிகளை வைத்துக்கொண்டு எங்கே மாவு வேண்டும், எங்கே எண்ணெய் வேண்டும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று செய்தி பறந்தது. நாடு பட்டினி கிடக்கவில்லை. 1973 செப்டம்பர் 11ஆம் தேதி ராணுவச் சதியில் அலெண்டே மாண்டார். அந்த முயற்சியும் அதோடு முடிந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்: ஆலைகளைப் பற்றிக் கணக்கெடுக்கப் போன இஞ்சினீயர்கள் பெரும்பாலும் மானேஜர்களிடமே பேசினார்கள், தறியடியில் நிற்பவனிடம் போதுமான அளவு பேசவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து கேரளத்தைப் பார்ப்போம். கண்ணூர் ஜில்லாவில் கல்யாசேரி என்று ஒரு பஞ்சாயத்து. 1990களின் ஆரம்பத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து ஊரின் வரைபடத்தைத் தாங்களே தயாரித்தார்கள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றுகிறது, எந்தச் சரிவில் மண் அரிக்கிறது, எந்த வயல் ஏன் தரிசாகக் கிடக்கிறது என்று வாலிபர்களும் பெண்களும் நடந்து போய்க் குறித்தார்கள். நிபுணர்களும் உடன் இருந்தார்கள், கற்றுக் கொடுத்தார்கள். இதைப் போன்ற அனுபவங்களை வைத்துத்தான் 1996இல் இடதுசாரி சர்க்கார் மக்கள் திட்ட இயக்கத்தை ஆரம்பித்து, ராஜ்யத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. படம் மட்டும் இருந்து பணம் இல்லாவிட்டால் சுவரில் மாட்டி வைக்கலாம். வேறு பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் மாத்தூரிலே என்ன நடந்தது? மாத்தூர் கிராமப் பஞ்சாயத்தாக இருந்தவரை கிராம சபை என்று ஒன்று இருந்தது. 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மாத்தூரும் உள்ளே வந்தது. வரி கூடியது, சபை போயிற்று. 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்றுதான் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் ஆரம்பமாயின. சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதி. அந்தச் சபையில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? தெருவிளக்கும் குப்பை வண்டியும் பேசுவதற்கு மட்டும்தான் அது என்று விட்டுவிடக் கூடாது. சென்னைக்கு 2027 முதல் 2046 வரை, இருபது வருஷத்துக்கான மூன்றாவது பெருந்திட்டம் என்கிறார்கள். இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போகும் வயது வரை எட்டுகிற திட்டம் அது. அதில் நம் ஊர் எந்த நிறத்தில் வரப்போகிறது? 2008இல் வந்த இரண்டாவது பெருந்திட்டத்தில் "சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்" என்று ஒரு நிறம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே பகுதி சபையில் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. வெள்ளக் கணக்குக்கு வைத்திருக்கும் வரைபடத்தைத் தமிழில், தெருப் பெயரோடு, வார்டு ஆபீசில் மாட்ட வேண்டும். தப்பு இருந்தால் திருத்த நமக்கு வழி வேண்டும். எந்த ஆலைக்குள் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது, வெள்ளம் புகுந்தால் அது எந்தக் கால்வாயில் இறங்கும் என்பதை அதே படத்தில் காட்ட வேண்டும். காற்றுக் கணக்கில் பென்சீனையும் ஒவ்வொரு மணி நேர அளவையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். நோய்க் கணக்கை பெரிய ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையம், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, காண்டிராக்ட் தொழிலாளர் தங்கும் கொட்டகை வரை வந்து எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். அந்த நிலையம் திட்டப் புத்தகத்தில் 1,320 மெகாவாட் என்று பதிவாகியிருக்கிறது. அந்த 9 பேர் எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கோரிக்கை மட்டும் வைத்தால் போதாது. "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது, நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. 2015க்கு ஒரு கறை, 2021க்கு ஒரு கறை, 2023க்கு ஒரு கறை. சுண்ணாம்பு அடித்து மறைத்தவர்கள்கூட எது வரை வந்தது என்று விரலால் காட்டுவார்கள். ஒவ்வொரு தெருவிலும் நான்கு வீட்டில் அளந்து, தரையிலிருந்து எத்தனை அடி, எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை நாள் நின்றது, தண்ணீரில் எண்ணெய் மிதந்ததா என்று எழுதினால், எந்த நிபுணரும் அதை ஒதுக்கித் தள்ள முடியாது. உண்மையில் அவருடைய கணக்கைச் சரிபார்க்க அவருக்கே அது வேண்டும். அதேபோல நாற்றம் வரும் இரவை எழுதுங்கள்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை, வீட்டில் யாருக்கு என்ன செய்தது. இரவு ஷிப்டில் இருப்பவர்களைவிட இதை ஒழுங்காகக் குறிக்கக்கூடியவர் யாரும் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் அது எழுதிக் கொடுக்கும்.

கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள் மேடைக்கு இடது பக்கம் வைக்கப்பட்டிருக்கின்றன. தெருவுக்கு ஒன்று. பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும். வெள்ளம் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் அவர்கள்தான். பொன்னேரிப் பக்கத்துத் தோழர்களுக்கு வேறு நோட்டு. அதில் வயலின் பெயர், யார் யார் அங்கே கூலிக்குப் போகிறார்கள், வருஷத்தில் எத்தனை நாள் என்ற கட்டங்கள் போட்டிருக்கிறோம். அடுத்த பகுதி சபைக்கு முன்னால் எல்லா நோட்டும் திரும்பி வந்துவிட வேண்டும்.